என் கழுத்தில் காய்ந்த கல்யாண நகை

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் பேருந்தில், வெயில் விழுகிற பக்கத்து ஜன்னலோரத்தில், சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொத்தானுக்கு உள்ளே ஒரு கல்யாணப் பெண்ணின் கழுத்து நகை இருந்தது. நகைக்கு உள்ளே என் கழுத்து இருந்தது.

சித்திரை மாதம். பேருந்தில் எல்லோரும் இரண்டு மூன்று பொத்தான்களைக் கழற்றிவிட்டு, சீட்டால் விசிறிக்கொண்டிருந்தார்கள். நடத்துநர் என்னிடம் வந்ததும் ஒரு நிமிடம் நின்று பார்த்தார்.

"இன்னா சார், ஜுரமா?"

ஆமாம் என்றேன். ஐம்பத்திரண்டு வயது, நரைத்த மீசை, மூக்குக்கண்ணாடி, கையில் கட்டுக் காகிதம் உள்ள ஒரு நூலகர், "இல்லை, நகை போட்டிருக்கிறேன்" என்று சொல்வதைவிட ஜுரம் என்பது கௌரவமான பதில். அவர் நல்ல மனிதர். பள்ளிகொண்டா வருவதற்குள் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். குடித்தேன். தண்ணீர் தொண்டையில் இறங்கும்போது நகையும் கூடவே ஏறி இறங்கியது.

நான் சைக்கிள் பழகிய கதையைப் போன இதழில் படித்துவிட்டு ஒரு வாசகர், "உங்கள் வாழ்க்கையில் கீழே விழாமல் செய்த காரியம் ஏதாவது உண்டா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். இந்த வாரம் நான் விழவில்லை. உட்கார்ந்தேன். பிறகு தூங்கினேன். சேதம் சைக்கிளைவிட அதிகம்.

சோதனைக் கழுத்து

என் மனைவி குணசுந்தரி நகை வடிவமைப்பாளர். இதைச் சொன்னவுடன் எல்லோரும் என்னிடம் தங்கம் விலை கேட்கிறார்கள். குணாவின் பட்டறையில் தங்கம் கிடையாது. அவள் நகை செய்வது தோலில்.

பதினெட்டு வருஷம் ஒரு ஷூ கம்பெனியின் மாதிரி அறையில் வேலை பார்த்தவள். அட்டையில் வடிவம் வரைந்து, தோலில் வெட்டி, முதல் ஜோடியைத் தைத்துக் காட்டுவது அவள் வேலை. வெட்டியது போக மிச்சம் விழும் உள்ளங்கை அகலத் துண்டுகளைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரு நாள் பொறுக்கவில்லை. ஒரு துண்டில் ஜிமிக்கி செய்து காதில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் பதினோரு பேர் கேட்டுவிட்டார்கள். வேலையை விடுவதற்கு அவளுக்கு இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று. எங்கள் வீடு பட்டறையாக இரண்டு நாள்தான் ஆயிற்று.

துண்டுத் தோல், ஷூ லேஸ் நுழைகிற பித்தளை வளையங்கள், பழைய பக்கிள்கள், ஜிப்பின் பற்கள். இவைதான் மூலப்பொருள்கள். வீட்டில் எங்கே கால் வைத்தாலும் அவளுடைய கலை குத்தும்.

ஒரு கண்காட்சியில், உங்களுக்கு வடிவங்கள் எங்கிருந்து தோன்றுகின்றன என்று கேட்டார்கள். குணா, "பாலாறு" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் நின்றிருந்த நான் ஆறுகளும் நாகரிகங்களும் பற்றி நாலு வார்த்தை சேர்த்துக்கொள்ளத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவள் முடித்துவிட்டாள். "தண்ணி இல்லாத பாலாறு. சேறு காஞ்சு வெடிச்சுக் கெடக்கும் பாருங்க, அந்த வெடிப்பு."

அமிர்தி மிருகக்காட்சிச் சாலைக்குப் போனால் ஊரே மானைப் பார்க்கும். இவள் மான் இருக்கும் கூண்டின் கம்பி வலையை வரைந்துகொண்டு வருவாள். அந்த வலை இப்போது எங்கள் ஊரில் நாற்பது பெண்களின் காதில் ஆடுகிறது. மான் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

இதில் என் பங்கு என்ன என்று கேட்பீர்கள். கழுத்து.

கம்பெனிகளில் தோலின் சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்க, ஈரமான வெள்ளைத் துணியால் தேய்ப்பார்கள். குணாவுக்கு அந்தச் சோதனையில் நம்பிக்கை இல்லை. துணிக்கு வேர்க்காது, மனுஷனுக்கு வேர்க்கும், வேர்வையில் உப்பு இருக்கும். கல்யாண மேடையில் பட்டுப் புடவை, மாலை, மூஞ்சிக்கு நேராக வீடியோக்காரர் விளக்கு என்று எல்லாம் சேர்ந்தால் சாயம் தாங்குமா என்று தெரிய வேண்டும். வேர்வை விஷயத்தில் நான் ஒரு இயற்கை வளம். ஆகவே எந்தக் கழுத்து நகையும் ஊருக்குப் போகுமுன் இரண்டு மணி நேரம் என் கழுத்தில் இருக்கும், அடியில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையோடு.

ஆரம்ப நாட்களில் ஒரு நீல அட்டிகை கைக்குட்டையைத் தாண்டி வந்துவிட்டது. மூன்று நாள் என் கழுத்து நீலமாக இருந்தது. நூலகத்தில் தினமும் பேப்பர் படிக்க வரும் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, சாட்சாத் சிவபெருமான் என்றார். மனைவி செய்த வேலை என்றேன். அதுவும் பொருந்துகிறது என்று சொல்லிவிட்டு விளையாட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

ரேவதி கேட்டது

இந்தக் கதையின் நகைக்குச் சொந்தக்காரி ரேவதி. குணாவோடு வேலை பார்த்தவள், இப்போதும் பூட்ஸ் தைக்கும் பிரிவில் இருக்கிறாள். முழங்கால் உயர பூட்ஸ். ஆம்பூர் வெயிலில் அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டு நடப்பவரை நான் பார்த்ததில்லை. ஒடுகத்தூரில் மாப்பிள்ளை நிச்சயமான மறுவாரம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ரிசப்ஷனுக்குத் தோலில் ஒரு கழுத்து நகை வேண்டும், வடிவம் அக்கா பாத்துக்கணும், தையல் நானே தைப்பேன் என்றாள்.

தன் வேலையில் பிறர் கை வைப்பது குணாவுக்குப் பிடிக்காது. ஏன் நீயே தைக்கணும் என்று கேட்டாள்.

"ஒம்போது வருஷமா தைக்கிறேன் அக்கா. எல்லாம் பெட்டில ஏறி கப்பல்ல போய்டுது. நான் தச்சத ஒருத்தர் போட்டு நான் பாத்ததே இல்ல."

குணா எழுந்தாள். உள்ளே போய் அவளுக்கு ஒரு தட்டு நிறைய மல்லாட்டை கொண்டுவந்து வைத்தாள். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். ரேவதி ஒன்றை உரித்தாள். குணா அவள் கையிலிருந்து அந்தத் தோட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாப்ள வீட்ல இன்னா பயிரு?"

"இதான்க்கா. மல்லாட்ட."

நகை அந்த இடத்தில் பிறந்துவிட்டது.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோலைச் சீவிச் சீவி அப்பளம் கனத்துக்குக் கொண்டுவர வேண்டும். தண்ணீரில் ஊறவைத்து, நிஜ மல்லாட்டையின் மேல் போர்த்தி, எலும்புக் குச்சியால் அழுத்தினால், தோட்டின் இடுப்பும் அதன்மேல் ஓடும் நரம்பு வரிகளும் தோலில் இறங்கும். காய்ந்ததும் மல்லாட்டையை எடுத்துவிட்டு, கார்க் தூளையும் பசையையும் கலந்து உள்ளே அடைக்க வேண்டும். இப்படி ஏழு. ஏழையும் கழுத்தை ஒட்டி நிற்கும் ஒரு தோல் பட்டையில் வரிசையாகப் பதித்து, இடையிடையே பித்தளை வளையம். நிறம், ஒடுகத்தூர்ச் செம்மண். பட்டையின் இரண்டு ஓரத்திலும் மஞ்சள் நூலில் ரேவதியின் தையல். பின்னால் முடிச்சுப் போட ஒரு நாடா.

அச்சுக்கு ஏற்ற மல்லாட்டையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. ஒரு கிலோவில் ஏழு தேறின. மற்றவற்றை நான் அழித்துவிட்டேன்.

ரேவதியின் அம்மாவுக்கு இதில் சம்மதமே இல்லை. கல்யாண மேடையில் தோலா, ஒடுகத்தூர்க்காரங்க இன்னா நெனப்பாங்க என்று புலம்பி, வேலூருக்குப் போய் சிவப்புக் கல் பதித்த கவரிங் செட் ஒன்று வாங்கி வைத்துவிட்டார். கடைசியில் அம்மாவுக்கும் மகளுக்கும் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. சனிக்கிழமை மாலை ரிசப்ஷன். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்துக்கு மண்டபத்துக்குப் போகும் பெட்டியைக் கட்டுவார்கள். அதற்குள் தோல் நகை சரியாக வந்து சேர்ந்தால் அது. இல்லாவிட்டால் பேச்சே இல்லாமல் கவரிங்.

நூலகர் இளைத்த நாள்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நகை என் கழுத்தில் ஏறியது. ரேவதியின் கழுத்து பதின்மூன்று அங்குலம். என்னுடையது பதினாறரை. குணா நாடாவை நீளமாக விட்டு, பின்னால் முடிச்சுப் போட்டாள். பன்னிரண்டு மணிக்குக் கழற்ற வேண்டும், அதுவரை நிழலில் உட்கார வேண்டும், அதற்கு மேல் ஒரு நிமிஷம் கூடாது என்று சொல்லிவிட்டு நூல் வாங்கக் கடைக்குப் போனாள்.

பத்தே காலுக்கு வேலூர் அலுவலகத்திலிருந்து போன். இருப்புப் பட்டியலை உடனே நேரில் கொண்டுவர வேண்டுமாம். கைகளைப் பின்னால் கொண்டுபோய் முடிச்சைத் தேடினேன். ஐம்பது வயதுக்கு மேல் சொந்த முதுகு என்பது வெளியூர். கை எட்டவில்லை.

முழு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டில் யாரையாவது அவிழ்க்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குமுன் கண்ணாடியில் பார்த்துவிட்டேன். எனக்கு அது நன்றாக இருந்தது.

போகும்போது ஒன்றரை மணி நேரம், அலுவலகத்தில் மின்சாரம் இல்லாமல் ஒரு மணி நேரம், திரும்பும்போது ஒன்றரை மணி நேரம். வேர்வை கைக்குட்டையை நனைத்து, தோலை நனைத்து, சட்டைக்கு வந்தது. ஆனால் திரும்பும் வழியில் ஓர் அற்புதம் நடந்தது. காலையில் இறுக்கிப் பிடித்த நகை, மாதனூர் தாண்டியபோது பிடிக்கவில்லை. விரல் விட்டுப் பார்த்தேன். தாராளமாகப் போயிற்று.

மூன்று வாரமாக நான் காலையில் நடந்துகொண்டிருந்தேன். நடைப்பயிற்சி வயிற்றில் ஒன்றும் செய்யவில்லை என்று குணா சொல்லிவந்தாள். அது கழுத்தில் வேலை செய்திருக்கிறது என்று அந்த நிமிடம் எனக்குத் தெளிவாயிற்று. கொழுப்பு மேலிருந்துதான் கரையும் என்று எங்கோ படித்ததாகக்கூட ஞாபகம் வந்தது. நான் படித்திருக்க முடியாது. அப்படி யாரும் எழுதியிருக்க முடியாது. ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக நான் பேருந்தைவிட்டு இறங்கி வெகுநாள் ஆகியிருந்தது.

வீட்டில் குணா இல்லை. மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, இளைத்த கழுத்தோடு கட்டிலில் சாய்ந்தேன். எழுந்தபோது குணா என் முகத்துக்கு நேராகக் குனிந்து நின்றுகொண்டிருந்தாள்.

"அசையாதீங்க."

பாம்பு என்று நினைத்தேன். அவள் என் தலையைத் திருப்பி, முடிச்சை அவிழ்த்து, நகையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அது படுக்கவில்லை. நின்றது. என் கழுத்து அங்கே நான் இல்லாமலே நின்றுகொண்டிருந்தது.

லாஸ்ட் என்று ஒன்று உண்டு. கால் வடிவத்தில் இருக்கும் கட்டை. ஈரமாக்கிய தோலை அதன்மேல் இழுத்துப் பிடித்துக் காயவிட்டால், தோல் அந்த வடிவத்தை வாங்கிக்கொள்ளும். கட்டையை எடுத்தாலும் விடாது. உலகத்தின் அத்தனை ஷூக்களும் இப்படித்தான் உருவம் பெறுகின்றன. இது ஆம்பூரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இந்த முறை கட்டை நான்தான் என்பதுதான் தெரியவில்லை.

பட்டை மூன்று விரல்கடை நீண்டிருந்தது. இடது பக்கம் என் தாடைச் சதையின் மடிப்பு ஒரு வரியாக இறங்கியிருந்தது. நடுவில், ஏழு மல்லாட்டையில் நான்காவது மட்டும், பின்னாலிருந்து என் குரல்வளை தள்ளியதால் துருத்திக்கொண்டு நின்றது. இரண்டு பக்கமும் மூன்று மூன்று மல்லாட்டை, நடுவில் ஒரு முழுத் தேங்காய் மாதிரி இருந்தது.

கைக்குட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது. சாயம் ஒரு சொட்டு இறங்கவில்லை. சோதனை முழு வெற்றி. அதை யாரும் குறிப்பிடவில்லை.

"எனக்குக் கழுத்து இளைச்சிருக்குன்னு நெனச்சேன்" என்றேன்.

குணா கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். சிரித்து முடித்ததும் மணியைப் பார்த்தாள். அப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

பதின்மூன்று அங்குலம் தேடி

ஈரத்தால் வந்ததை ஈரத்தால்தான் போக்க வேண்டும். மறுபடி நனைத்து, பதின்மூன்று அங்குலச் சுற்றளவுள்ள ஏதோ ஒன்றின் மேல் கட்டிக் காயவைத்தால் தோல் திரும்பி வந்துவிடும். அந்த ஏதோ ஒன்று எது என்பதுதான் கேள்வி.

அளவு நாடாவோடு வீட்டைச் சுற்றினோம். சொம்பின் கழுத்து ஒன்பது. தூக்குச் சட்டி பதினாறு. குக்கர் இருபதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. கலைக்களஞ்சியத்தின் ஆறாவது தொகுதி பதின்மூன்று வந்தது, ஆனால் எந்தப் பெண்ணுக்கும் சதுரக் கழுத்து இல்லை. கடைசியில் குணா என் வேட்டியைத் தூக்கி ஆடுசதையை அளந்தாள். பன்னிரண்டே முக்கால். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"வேணாம்" என்றாள். "உங்க ஒடம்பு பட்டது போதும்."

ரேவதிக்கே போன் போட்டாள். அவள் வீட்டில் நலங்கு நடந்துகொண்டிருந்தது. பின்னால் பெண்கள் சத்தம். கல்யாணப் பெண்ணிடம் இதை எப்படி மெதுவாகச் சொல்வது என்று நான் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, குணா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பிறகு, சார் கழுத்தா என்று ரேவதி கேட்பது எனக்கே கேட்டது. அதற்குப் பிறகு அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள் என்று குணா பிறகு சொன்னாள்.

அவள் கழுத்திலேயே ஈரமாகக் கட்டிக் காயவைக்கலாமா என்றால், உடம்பெல்லாம் மஞ்சளும் எண்ணெயும். முழுக்க நனைத்த தோல் தானாகக் காய ஒரு நாள் ஆகும். வழியைச் சொன்னது ரேவதிதான்.

அவள் பிரிவில், தைத்து முடித்த பூட்ஸின் கால் பகுதியை மாட்டிச் சுருக்கம் எடுக்க அலுமினியக் கால்கள் இருக்கின்றன. மின்சாரத்தில் சூடாகும். முப்பத்தாறாம் சைஸ் கால், ஆடுசதை இடத்தில் சரியாகப் பதின்மூன்று அங்குலம். சூட்டைக் குறைத்து வைத்தால் அரை மணியில் காய்ந்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் மிஷின் சும்மாதான் நிற்கும். கல்யாணத்துக்கு முதல்நாள் வரை வேலைக்குப் போகும் பெண்கள் எங்கள் ஊரில் அதிசயமில்லை. வெள்ளிக்கிழமை அவளுக்கு அரை நாள் வேலை இருந்தது.

"பன்னெண்டரைக்கு கேட்டாண்ட கொண்டாங்க அக்கா. நான் பாத்துக்கறேன்."

கேட்டில் நடந்தது

வெள்ளிக்கிழமை நகையை ஈரத்துணியில் சுற்றி டிபன் பாக்ஸில் வைத்து எடுத்துக்கொண்டு கம்பெனி வாசலுக்குப் போனோம். வாசலில் காவலுக்கு இருந்தவர் லூர்து அக்கா. காக்கிச் சட்டை, இழுத்துக் கட்டிய கொண்டை. வேலை முடிந்து போகும் பெண்களைத் தடவிச் சோதித்து, ஒரு விரல்கடைத் தோல்கூட வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. பாக்ஸைத் திறக்கச் சொன்னார். திறந்தோம். மோந்து பார்த்தார்.

"தோலு" என்றார்.

நகை என்றேன் நான்.

"உள்ள போலாம் சார். வெளிய வராது. தோலு வெளிய போவணும்னா கேட் பாஸ் வேணும். கையெழுத்துப் போடறவரு திங்கக்கெழமதான் வருவாரு."

திங்கட்கிழமை ரேவதி ஒடுகத்தூரில் மறுவீட்டு விருந்தில் இருப்பாள். நான் படித்த படிப்பெல்லாம் இந்த இடத்துக்காகத்தான் என்று தோன்றியது. முன்னேறிப் போய், ஆதி மனிதன் பொன்னைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே தோலையும் பல்லையும் கோத்து அணிந்தான், ஆகவே நகை என்பது பொருளில் இல்லை, அணிகிற எண்ணத்தில் இருக்கிறது என்று விளக்கினேன். லூர்து அக்கா பொறுமையாக முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, அந்த ஆதி மனுஷனுக்கும் கேட் பாஸ் வேணும் என்றார்.

அதற்குள் ரேவதி வந்துவிட்டாள். கையெல்லாம் மஞ்சள், தலையில் கம்பெனித் தொப்பி. வெளியே வராது என்பதைக் கேட்டாள். பாக்ஸை வாங்கினாள். ஒரு கணம் குணாவைப் பார்த்தாள். அப்புறம் பாத்துக்கலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

புங்க மரத்தடியில் காத்திருந்தோம். குணா கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூடு கூடினால் தோல் சுருங்கி மொரமொரவென்று ஆகிவிடும், பிறகு எந்தத் தண்ணீரும் உதவாது என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். நான் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என் கழுத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

உள்ளே நடந்ததை ரேவதி பிறகு சொன்னாள். நகையை அலுமினியக் காலில் கட்டி, ஈரத்துணியை மேலே சுற்றி, பக்கத்தில் நின்று விரலால் ஒவ்வொரு மல்லாட்டையாகத் தடவித் தடவி உட்கார வைத்திருக்கிறாள். தேங்காயைத் திரும்ப மல்லாட்டையாக்க மட்டும் பத்து நிமிஷம். அப்போது மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் வந்து, இது எந்த பையருடைய மாதிரி என்று கேட்டிருக்கிறார். பையர் என்றால் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி.

"ஒடுகத்தூர் பையரு சார்."

அவர் குனிந்து பார்த்து, தையல் பரவால்ல, டெலிவரி எப்ப என்றிருக்கிறார். நாளைக்கு சாயங்காலம் சார் என்றிருக்கிறாள். லேட் பண்ணாத என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒன்றரை மணிக்கு வெளியே வந்தாள். உள்ளங்கைகளைச் சேர்த்து ஏந்தியபடி வந்தாள். லூர்து அக்கா கையை நீட்டித் தடுத்தார். தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் குணா, அந்தப் பக்கம் ரேவதி. கம்பிக்கு மேலாகவே குணா நகையை வாங்கி வெயிலில் திருப்பினாள். மடிப்பு வரி போயிருந்தது. நான்காவது மல்லாட்டை மற்ற ஆறோடு வரிசையில் நின்றது. என்னுடையது என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

"நல்லாத்தான் கீது" என்று லூர்து அக்காவும் ஒப்புக்கொண்டார். "ஆனா தங்கம் எங்க?"

இல்லை என்றாள் குணா.

"வெள்ளி?"

அதுவும் இல்லை.

"அப்ப எப்டிம்மா நகைன்றீங்க? நாளைக்கு ஒவ்வொருத்தியும் இடுப்புல ஒரு தோலச் சுத்திக்கினு நகைன்னுவா. நான் இன்னா பண்றது?"

நியாயமான கேள்வி. பின்னால் ஒரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. ரேவதி தொப்பியைக் கழற்றினாள். நகையைக் குணாவின் கையிலிருந்து வாங்கி, கழுத்தில் வைத்து, பின்னால் கையைக் கொண்டுபோய் ஒரே இழுப்பில் முடிச்சுப் போட்டாள். எனக்கு எட்டாத ஊருக்கு அவள் கை அரை நொடியில் போய்வந்தது. அது அவள் கழுத்தில் ஒட்டி உட்கார்ந்தது. அவள் நிமிர்ந்து நின்றாள்.

லூர்து அக்கா ஒரு நிமிடம் பார்த்தார். தினமும் நூற்றுக்கணக்கான பெண்கள் சங்கிலியும் தோடும் வளையலுமாக அவரைத் தாண்டிப் போகிறார்கள். அவற்றை அவர் தொடுவதில்லை. தொட விதியும் இல்லை.

"கையில இருந்தா தோலு" என்றார். "கழுத்துல ஏறிட்ச்சின்னா நகை. போ."

ஆறு வருஷமாகக் கண்காட்சிகளில் குணா சொல்ல முயன்றுகொண்டிருப்பதும், நான் அரை மணி நேரம் ஆதி மனிதனை இழுத்துவந்து சொல்லத் தவறியதும் இதுதான்.

மறுநாள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கவரிங் செட் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. ரேவதியின் அம்மா மேடையின் ஓரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளையின் அத்தை மேடையேறி, மணப்பெண்ணின் கழுத்தை உற்றுப் பார்த்து, நடு மல்லாட்டையை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். முப்பது வருஷம் மல்லாட்டை பிடுங்கிய விரல்கள். திரும்பி, கீழே நின்ற தன் ஆட்களிடம், நல்லா முத்துன காயி என்று அறிவித்தார். அதற்கப்புறம் ஒடுகத்தூரே வரிசையில் நின்று அமுக்கிப் பார்த்தது. வீடியோவில் பாதி அதுதான் இருக்கிறது.

ஆனால் அந்தக் கல்யாணத்தில் என் மனதில் நிற்பது மேடை அல்ல. வெள்ளிக்கிழமை ஒன்றரை மணி வெயில்.

தடுப்பைத் தாண்டி வந்த ரேவதி குணாவின் எதிரில் நின்றாள். எப்டி இருக்குதுக்கா என்று கேட்டாள். நல்லா இருக்கு என்றாள் குணா. ரேவதி தலையைக் குனித்துப் பார்க்க முயன்றாள். கழுத்தை ஒட்டியிருக்கும் நகையைப் போட்டிருப்பவளால் பார்க்க முடியாது. ஒன்பது வருஷம் கழித்து அவள் தைத்ததை ஒருத்தி போட்டுக்கொண்டு நிற்கிறாள். இப்போதும் அவளுக்குத் தெரியவில்லை. எங்கள் இருவர் போனிலும் படம் எடுத்துக் காட்டினோம், வெயிலில் திரை கறுப்பாகத்தான் தெரிந்தது.

லூர்து அக்கா அதற்குள் லாரியிடம் போயிருந்தார். உள்ளே வரும் வண்டிகளின் அடிப்பக்கத்தைப் பார்க்க, நீளக் கம்பின் முனையில் ஒரு வட்டக் கண்ணாடி வைத்திருப்பார்கள். அதை லாரிக்கு அடியில் விட்டவர், எங்களைத் திரும்பிப் பார்த்தார். கம்பை வெளியே இழுத்தார். கண்ணாடியில் ஒட்டிய தூசியைத் தன் காக்கிச் சட்டையில் துடைத்தார். இரண்டு கையாலும் கம்பைத் தூக்கி, ரேவதியின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். தலையை வெளியே நீட்டி, யக்கா, வண்டி இங்க கீது என்றார். இருய்யா என்றார் லூர்து அக்கா, கம்பு ஆடாமல்.

ரேவதி கண்ணாடிக்குக் கிட்டே போனாள். இந்தப் பக்கம் திரும்பினாள், அந்தப் பக்கம் திரும்பினாள். கம்பெனியில் தைத்து முடித்த பூட்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாளே, அதே பார்வை. மேல் ஓரத்தில் மஞ்சள் நூல் வரிசையை விரலால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தொடர்ந்தாள். கீழ் ஓரத்தையும் தொடர்ந்தாள். அவசரப்படவில்லை.

"அக்கா" என்றாள், கண்ணாடியைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "தையல் நேரா கீது."